எக்செல் தாளை எல்லாத் திரைகளுக்கும் பொருத்தும் மேக்ரோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு அலுவலகங்களுக்குச் சம்பளப் பட்டியல், சரக்கு இருப்புக் கணக்கு போன்றவற்றை எக்செல்லில் அமைத்துக் கொடுப்பது என் வேலை. என் மேசையில் இருப்பது அகலத் திரை. சில ஆண்டுகளுக்கு முன் 22 நெடுவரிசை கொண்ட சம்பளப் பட்டியல் ஒன்றை முடித்து ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே கணக்கு எழுதும் அம்மாவின் பழைய மடிக்கணினியில் கடைசி இரண்டு நெடுவரிசைகள் வலப்பக்கம் மறைந்துவிட்டன. திரையோரத்தில் கடைசியாகத் தெரிந்தது ‘மொத்தப் பிடித்தம்’. அதற்கு அடுத்து ‘கைக்கு வரும் தொகை’ என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. பிடித்தத் தொகையை வங்கிக்கு அனுப்பும் பட்டியலில் ஏற்றத் தொடங்கிவிட்டார். மூன்றாவது பெயரை எழுதும்போது, “இவருக்கு இவ்வளவு குறைவாகவா வரும்?” என்று சந்தேகப்பட்டு எனக்குப் போன் செய்தார். அவர் நிதானம்தான் அன்று எல்லோரையும் காப்பாற்றியது. அதன் பிறகு, திரைக்குத் தகுந்தாற்போல் தன்னைச் சரிசெய்துகொள்ளாத எந்தக் கோப்பையும் நான் வெளியே கொடுப்பதில்லை. இந்த விஷயத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

என் கணினியில் முழுதாகத் தெரியும் தாள், அடுத்தவர் கணினியில் ஏன் வெட்டுப்படுகிறது?

மூன்று காரணங்கள் உண்டு. பெரும்பாலோர் முதல் காரணத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

முதலாவது திரையின் பிக்சல் எண்ணிக்கை. எக்செல்லில் நாம் தொடாத நெடுவரிசையின் அகலம் 8.43. காலிப்ரி 11 எழுத்துருவில், 100% ஜூமில், அது 64 பிக்சல். 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் இப்படி 29 நெடுவரிசைகள் முழுதாக அடங்கும். 1366 பிக்சல் திரையில் 20 மட்டுமே. என் 22 நெடுவரிசைப் பட்டியலுக்கு நேர்ந்தது இதுதான்.

இரண்டாவது, விண்டோஸின் ‘ஸ்கேல்’ அமைப்பு. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மடிக்கணினிகளில் இது 125% அல்லது 150% என்று வைக்கப்பட்டிருக்கும். 1920 பிக்சல் திரையில் 150% ஸ்கேல் என்றால், கிடைக்கும் இடம் 1280 பிக்சல் திரைக்குச் சமம். அதாவது புத்தம் புதிய மடிக்கணினியில், பழைய 1366 திரையைவிடக் குறைவான நெடுவரிசைகள் தெரியும். “என்னுடையது ஃபுல் ஹெச்டி திரை, ஆனாலும் வெட்டுப்படுகிறதே” என்பவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, ஜூம் அளவு கோப்புக்குள்ளேயே தாள்வாரியாகச் சேமிக்கப்படுகிறது. கடைசியாகச் சேமித்தவர் 140% வைத்திருந்தால், அடுத்துத் திறப்பவருக்கும் 140% தான். ஒருவர் கண்ணுக்கு அளவெடுத்த மூக்குக்கண்ணாடியை அலுவலகம் முழுவதும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது போன்றது இது.

மேக்ரோ இல்லாமல் இதைச் செய்ய முடியாதா?

முடியும். (மேக்ரோ என்பது எக்செல் தானாகச் செய்ய வேண்டியதை எழுதிவைக்கும் கட்டளைத் தொகுப்பு.) முதலில் மேக்ரோ இல்லாத வழியைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்வேன். தெரிய வேண்டிய நெடுவரிசைகளின் தலைப்புகளைத் தேர்வு செய்யுங்கள். ஆல்ட் விசையை அழுத்திவிட்டு, டபிள்யூ, பிறகு ஜி. ‘வியூ’ பட்டியில் உள்ள ‘ஜூம் டு செலக்ஷன்’ என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. தேர்ந்தெடுத்த பகுதி சன்னலுக்குள் அடங்கும் வகையில் எக்செல் தானே ஜூமைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

ஒரே ஆள், ஒரே தாள் என்றால் இது போதும். பத்துத் தாள்கள், ஐந்து பேர், ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு திரை என்று வரும்போதுதான் மேக்ரோ தேவைப்படுகிறது.

சரி, அந்த மேக்ரோவைக் காட்டுங்கள்.

முதலில் ஒரு முன்வேலை. ஒவ்வொரு தாளிலும் தெரிந்தே ஆக வேண்டிய பகுதிக்கு ஒரு பெயர் வையுங்கள். கன்ட்ரோல் + எஃப்3 அழுத்தினால் பெயர் மேலாளர் திறக்கும். ‘நியூ’ கொடுத்து, பெயரை ‘ஃபிட்ஏரியா’ என்று வைத்து, ‘ஸ்கோப்’ என்ற இடத்தில் அந்தத் தாளைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கோப்பைத் தாள் அளவில் வைத்தால்தான் ஒரே பெயரை எல்லாத் தாள்களிலும் வெவ்வேறு பகுதிகளுக்குப் பயன்படுத்த முடியும். சம்பளப் பட்டியலில் இது ஏ1 முதல் வி1 வரை.

பிறகு ஆல்ட் + எஃப்11 அழுத்தி, மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவின் எடிட்டரைத் திறந்து, ‘இன்செர்ட்’ வழியாக ஒரு ‘மாட்யூல்’ சேருங்கள். அதில் எழுத வேண்டியது கீழே இருக்கிறது. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். பெயர் மேலாளரில் வைக்கும் பெயருக்கும் அதே முறைதான்.

சப் ஃபிட்வியூ()
டிம் ஓல்ட்செல் ஆஸ் ஆப்ஜெக்ட், ஓல்ட்ரோ ஆஸ் லாங்
இஃப் டைப்நேம்(ஆக்டிவ்ஷீட்) <> "வொர்க்ஷீட்" தென் எக்ஸிட் சப்
செட் ஓல்ட்செல் = செலக்ஷன்
ஓல்ட்ரோ = ஆக்டிவ்விண்டோ.ஸ்க்ரோல்ரோ
ஆன் எரர் கோடூ டன்
ஆக்டிவ்ஷீட்.ரேஞ்ச்("ஃபிட்ஏரியா").செலக்ட்
ஆக்டிவ்விண்டோ.ஜூம் = ட்ரூ
இஃப் ஆக்டிவ்விண்டோ.ஜூம் < 75 தென் ஆக்டிவ்விண்டோ.ஜூம் = 75
இஃப் ஆக்டிவ்விண்டோ.ஜூம் > 120 தென் ஆக்டிவ்விண்டோ.ஜூம் = 120
ஓல்ட்செல்.செலக்ட்
ஆக்டிவ்விண்டோ.ஸ்க்ரோல்ரோ = ஓல்ட்ரோ
ஆக்டிவ்விண்டோ.ஸ்க்ரோல்காலம் = 1
டன்:
எண்ட் சப்

இதன் உயிர் நடுவில் உள்ள ஒற்றை வரி: ‘ஜூம் = ட்ரூ’. ஜூமுக்கு எண்ணுக்குப் பதிலாக ‘ட்ரூ’ கொடுத்தால், தேர்ந்தெடுத்த பகுதிக்குப் பொருந்தும் அளவை எக்செல்லே கண்டுபிடித்துக்கொள்கிறது. மற்ற வரிகள் எல்லாம் மரியாதைக்காக. பயனர் எந்தச் செல்லில் நின்றார், எந்த வரிசை வரை உருட்டியிருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அவரை அதே இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன. 300-வது ஆளின் சம்பளத்தைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவரை முதல் வரிசைக்குத் தூக்கி எறிந்தால், அந்த மேக்ரோவை அவர் மறுநாளே நிறுத்திவிடுவார்.

முதல் சோதனை வரி, வரைபடம் மட்டுமே உள்ள தாள்களுக்காக. அவற்றில் செல்களே கிடையாது. ‘ஃபிட்ஏரியா’ என்ற பெயர் இல்லாத தாளில் பிழை எழும். ‘ஆன் எரர்’ வரி இருப்பதால் மேக்ரோ அங்கே எதையும் தொடாமல் சத்தமின்றி வெளியேறிவிடும்.

ஏன் ஏ1 முதல் வி1 வரை மட்டும்? முழு அட்டவணையையும் கொடுத்தால் என்ன?

கொடுத்துப் பாருங்கள். 200 வரிசைகளையும் ஒரே திரையில் அடைக்க முயன்று, எறும்பு ஊர்வது போல எழுத்துகள் சுருங்கிவிடும். ‘ஜூம் = ட்ரூ’ அகலம், உயரம் இரண்டையும் பார்க்கிறது. இரண்டில் எது நெருக்குகிறதோ அதற்கேற்ப ஜூமைக் குறைக்கிறது. கீழே உருட்டுவது எல்லோருக்கும் பழகியது. பக்கவாட்டில் உருட்டுவதுதான் தவறுகளுக்கு இடம் கொடுக்கிறது. எனவே ஒரே ஒரு வரிசையைக் கொடுத்தால் அகலம் மட்டும் கணக்கில் வரும்.

முகப்புப் பலகை போல ஒரே பார்வையில் முழுதும் தெரிய வேண்டிய தாள் என்றால் மட்டும் முழுப் பகுதியையும் கொடுங்கள்.

இது தானாக ஓட என்ன செய்ய வேண்டும்?

எடிட்டரின் இடப்பக்கப் பட்டியலில் ‘திஸ்வொர்க்புக்’ என்பதை இருமுறை சொடுக்கி, மூன்று நிகழ்வுகளில் ‘ஃபிட்வியூ’வை அழைக்க வேண்டும்.

கோப்பு திறக்கும்போது ‘வொர்க்புக்_ஓபன்’. தாள் மாறும்போது ‘வொர்க்புக்_ஷீட்ஆக்டிவேட்’. சன்னலின் அளவு மாறும்போது ‘வொர்க்புக்_விண்டோரீசைஸ்’. இவற்றின் முதல் வரியையும் கடைசி வரியையும் நீங்களே தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. எடிட்டரின் மேலே உள்ள இரண்டு பட்டியல்களில் இடப்புறம் ‘வொர்க்புக்’, வலப்புறம் நிகழ்வின் பெயர் என்று தேர்ந்தெடுத்தால் தானே வந்துவிடும். நடுவில் ‘ஃபிட்வியூ’ என்ற ஒரு சொல் போதும்.

தாள் மாறும் நிகழ்வை மட்டும் எழுதிவிட்டு, “திறந்தவுடன் வேலை செய்யவில்லையே” என்று கேட்பவர்கள் பலர். கோப்பு திறக்கும்போது கண்முன் வரும் முதல் தாளுக்கு அந்த நிகழ்வு நடப்பதில்லை. ‘ஓபன்’ நிகழ்வும் சேர்ந்தால்தான் முழுமை.

‘ரீசைஸ்’ நிகழ்வில் ஒரு காவல் வரி அவசியம். சன்னலைச் சுருக்கிப் பணிப்பட்டைக்குள் ஒதுக்கும்போதும் அளவு மாறுகிறது அல்லவா? அப்போது கணக்கிடுவதில் பொருளில்லை. ‘இஃப் ஆக்டிவ்விண்டோ.விண்டோஸ்டேட் = எக்ஸ்எல்மினிமைஸ்ட் தென் எக்ஸிட் சப்’ என்ற வரியை அழைப்புக்கு முன் வையுங்கள்.

திரையின் ரெசல்யூஷனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1366 என்றால் 70%, 1920 என்றால் 100% என்று எழுதுவது எளிதல்லவா?

இணையத்தில் அதிகம் கிடைப்பது இந்த வழிதான். நானும் தொடக்கத்தில் இப்படித்தான் எழுதினேன். விண்டோஸின் ‘யூசர்32’ நூலகத்தில் ‘கெட்சிஸ்டம்மெட்ரிக்ஸ்’ என்று ஒரு செயற்கூறு உண்டு. அதற்கு 0 கொடுத்தால் திரையின் அகலம், 1 கொடுத்தால் உயரம். 64 பிட் ஆபீஸில் இதை அறிவிக்கும் வரியில் ‘பிடிஆர்சேஃப்’ என்ற சொல் இருந்தே ஆக வேண்டும். பழைய மேக்ரோக்கள் புதிய கணினியில் திறந்த உடனே பிழை காட்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆனாலும் இந்த வழியை இன்று நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் செயற்கூறு சொல்வது முதன்மைத் திரையின் அளவை. கோப்பு திறந்திருப்பதோ பக்கத்தில் உள்ள இரண்டாவது திரையிலோ, கூட்ட அறையின் புரொஜெக்டரிலோ இருக்கலாம். பயனர் சன்னலைப் பாதியாக்கி, அருகில் வங்கிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கலாம். நாளை 2560 பிக்சல் திரை ஒன்று வாங்கினால் உங்கள் பட்டியலில் அதற்கு எண் இருக்காது. திரையை அளப்பது தேவையில்லாத வேலை. காட்ட வேண்டிய பகுதியைக் குறித்துக் கொடுத்துவிட்டால், இருக்கும் சன்னலுக்குள் அதைப் பொருத்துவதை எக்செல் பார்த்துக்கொள்ளும்.

தேர்வை மாற்றாமலேயே கணக்கிட வேண்டும் என்றால் இன்னொரு வழி உண்டு. ‘ஆக்டிவ்விண்டோ.யூசபிள்விட்த்’ சன்னலின் உள் அகலத்தைச் சொல்கிறது, ‘ரேஞ்ச்.விட்த்’ பகுதியின் அகலத்தைச் சொல்கிறது. இரண்டும் பாயிண்ட் அளவில் வரும். முன்னதைப் பின்னதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஜூம் கிடைக்கும். வரிசை எண்களும் உருள்பட்டையும் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடுவதால் விடையில் மூன்று நான்கு சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். எக்செல் ஏற்கும் ஜூம் 10 முதல் 400 வரை. அதைத் தாண்டினால் பிழை.

மேக்ரோவில் 75 என்று ஏன் கீழ் எல்லை வைத்தீர்கள்? இன்னும் சுருக்கினால் எல்லாம் அடங்குமே?

அடங்கும். படிக்க முடியாது. இது தமிழில் கணக்கு வைப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடம்.

ஆங்கில எழுத்தும் எண்களும் 60% ஜூமில்கூட ஓரளவு புரிந்துவிடும். தமிழ் எழுத்து அப்படியல்ல. முதலில் காணாமல் போவது புள்ளி. ‘க்’ எது, ‘க’ எது என்று தெரியாது. அடுத்து ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகிவிடும். ‘கி’யா ‘கீ’யா என்பதற்குத் திரையருகே முகத்தைக் கொண்டுபோக வேண்டும். சம்பளப் பட்டியலில் ‘கண்ணன்’ என்றும் ‘கண்ணம்மாள்’ என்றும் அடுத்தடுத்து இரண்டு பெயர்கள் இருந்தால் பார்ப்பவர் கண் ஏமாறும். லதா, நிர்மலா இரண்டு எழுத்துருக்களிலும் 11 பாயிண்ட் அளவில் பார்த்துத்தான் 75 என்ற எல்லைக்கு வந்தேன். வயதானவர்கள் பயன்படுத்தும் கோப்பு என்றால் 85 வைக்கிறேன்.

75-லும் அடங்கவில்லை என்றால், குறை தாளில் இருக்கிறது. அப்போது திருத்த வேண்டியது தாளைத்தான். சம்பளப் பட்டியலில் நான் செய்தது இது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்ற படிகள் அனைத்தையும் ஒரு குழுவாக்கினேன். நெடுவரிசைகளைத் தேர்வு செய்து ஷிஃப்ட் + ஆல்ட் + வலது அம்பு அழுத்தினால் குழு உருவாகும். மேலே தோன்றும் கழித்தல் குறியைச் சொடுக்கினால் அவை மடங்கி, ‘மொத்தப் படிகள்’ மட்டும் நிற்கும். பெயர் நெடுவரிசை வரை ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’ போட்டு உறைய வைத்தேன். ‘கைக்கு வரும் தொகை’யை வலக்கோடியிலிருந்து எடுத்து, பெயருக்கு அடுத்தே வைத்துவிட்டேன். இப்போது எந்தத் திரையில் திறந்தாலும் அது கண்ணில் படும். அந்த அம்மா கேட்ட ஒரே மாற்றம், அந்த நெடுவரிசைக்கு மஞ்சள் நிறம்.

தாளின் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறேன். மேக்ரோவில் எழுதினால் கேள்விக்குறிகளாக மாறுகிறதே?

விபிஏ எடிட்டர் யூனிகோடை ஏற்பதில்லை. தாளின் பெயர் ‘சம்பளம்’ என்று தமிழில் அழகாக இருக்கும். அதையே எடிட்டரில் ஒட்டினால் ‘?????’ என்று நிற்கும். அந்தப் பெயரால் தாளை அழைக்கவும் முடியாது.

தீர்வு எளிது. ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று கீழே தாவலில் தெரிவது. மற்றது எடிட்டருக்குள் வழங்கும் ‘கோட்நேம்’. எடிட்டரில் தாளைத் தேர்ந்தெடுத்து எஃப்4 அழுத்தினால், பண்புகளின் பட்டியலில் முதல் இடத்தில் அடைப்புக்குறிக்குள் உள்ள ‘நேம்’ அதுதான். அதை ஆங்கில எழுத்தில் வைத்து, மேக்ரோவில் அதையே பயன்படுத்துங்கள். தாவலில் தமிழ் அப்படியே இருக்கட்டும். பிறகு யாராவது தாவலின் பெயரை மாற்றினாலும் மேக்ரோ உடையாது. மேலே தந்த மேக்ரோ ‘ஆக்டிவ்ஷீட்’ என்று மட்டுமே அழைப்பதால் அதற்கு இந்தச் சிக்கலே கிடையாது.

ஜூம் குறைந்ததும் சில எண்கள் #### என்று மாறுகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

இல்லை. ஜூம் குறையும்போது எழுத்தும் நெடுவரிசையும் துல்லியமாக ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. பிக்சல் முழு எண்ணாக இருக்க வேண்டும் என்பதால் அங்கங்கே ஒன்றிரண்டு இடறும். 100%-இல் விளிம்பு வரை நிறைந்திருந்த எண் 85%-இல் இடம் போதாமல் #### ஆகிவிடுகிறது. நெடுவரிசையின் எல்லைக்கோட்டை இருமுறை சொடுக்கி அளவெடுத்த பிறகு, இன்னும் ஓர் இலக்கம் நுழையும் அளவுக்குக் கூடுதலாக விட்டுவையுங்கள்.

பட்டன்களும் கீழ்விரி பட்டியல்களும் சரியாக வருவதில்லையே?

தாளில் வைக்கும் பட்டன்களில் ஆக்டிவ்எக்ஸ், ‘ஃபார்ம் கன்ட்ரோல்’ என்று இரண்டு வகை உண்டு. ஆக்டிவ்எக்ஸ் வகைப் பட்டன்கள், வெவ்வேறு ஸ்கேல் உள்ள திரைகளுக்கு இடையே போகும்போது ஒவ்வொரு சொடுக்குக்கும் பெருத்தோ சிறுத்தோ போகும். பல ஆண்டுகளாக இருக்கும் குறை இது. அவற்றை எடுத்துவிட்டு ‘ஃபார்ம் கன்ட்ரோல்’ பட்டனையோ, ஒரு சாதாரண வடிவத்துக்கு மேக்ரோவை இணைத்தோ பயன்படுத்துங்கள்.

செல்லில் ‘டேட்டா வேலிடேஷன்’ வழியாக வைக்கும் கீழ்விரி பட்டியலின் எழுத்து அளவை மாற்ற வழியில்லை. ஜூம் குறைந்தால் அதுவும் சிறுத்துவிடும். கீழ் எல்லையை 75-க்குக் கீழே இறக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

அனுப்பிய இடத்தில் மேக்ரோ ஓடவே இல்லை என்கிறார்கள்.

வரிசையாகப் பாருங்கள். கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் அல்லது எக்ஸ்எல்எஸ்பி வடிவில் சேமித்தீர்களா? எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் மேக்ரோ தங்காது. திறந்தவர் மஞ்சள் பட்டையில் ‘எனேபிள் கன்டென்ட்’ அழுத்தினாரா?

மஞ்சளுக்குப் பதில் சிவப்புப் பட்டை வந்தால் காரணம் வேறு. இணையம் வழியாகவோ மின்னஞ்சலிலோ வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுத்து வருகிறது. கோப்பின் மேல் வலது சொடுக்கு, ‘ப்ராப்பர்ட்டீஸ்’, கீழே ‘அன்பிளாக்’ என்ற கட்டத்தில் குறியிட்டு மீண்டும் திறக்க வேண்டும். யார் அனுப்பியது என்று உறுதியாகத் தெரியாத கோப்புக்கு இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்தத் தடை நல்ல காரணத்துக்காகத்தான் இருக்கிறது.

மேக்ரோ ஓடாத கணினியிலும் தாள் படிக்கும்படி இருக்க வேண்டும். எனவே அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் 1366 திரைக்குப் பொருந்தும் ஜூமில் வைத்து, ஏ1 செல்லில் நின்று சேமியுங்கள்.

திரையில் பொருந்திவிட்டது. அச்சில் ஏன் இரண்டு பக்கமாகப் போகிறது?

திரையின் ஜூமுக்கும் அச்சுக்கும் தொடர்பே இல்லை. அச்சுக்குத் தனியாக ‘பேஜ்செட்டப்’ உண்டு. அதில் ‘ஜூம் = ஃபால்ஸ்’, ‘ஃபிட்டுபேஜஸ்வைட் = 1’, ‘ஃபிட்டுபேஜஸ்டால் = ஃபால்ஸ்’ என்று மூன்று வரிகள். முதல் வரி விடுபட்டால் மற்ற இரண்டும் வேலை செய்யாது.

மேக்ரோவில் உருவாக்கும் பயனர் படிவங்களையும் (யூசர்ஃபார்ம்) இப்படிப் பொருத்தலாமா?

படிவத்துக்கும் ‘ஜூம்’ பண்பு உண்டு. ஆனால் அது உள்ளே இருப்பவற்றை மட்டுமே பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும். படிவத்தின் அகலத்தையும் உயரத்தையும் அதே விகிதத்தில் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

மேக், கைப்பேசி, லிப்ரேஆபீஸ் ஆகியவற்றில்?

மேக்கின் எக்செல்லில் விபிஏ ஓடும். ‘ஜூம் = ட்ரூ’ வழி அங்கேயும் செல்லும், ‘யூசர்32’ வழி செல்லாது. கைப்பேசி எக்செல், உலாவியில் திறக்கும் எக்செல், கூகுள் ஷீட்ஸ் மூன்றிலும் விபிஏ ஓடாது. அவற்றில் பார்ப்பவர்களுக்காக நான் ஐந்தே நெடுவரிசை கொண்ட ஒரு சுருக்கத் தாளைத் தனியாக வைத்துவிடுகிறேன். லிப்ரேஆபீஸ் கால்க்கில் ஜூம் பெட்டியில் உள்ள ‘ஆப்டிமல்’ என்ற தெரிவு, தேர்ந்தெடுத்த செல்களின் அகலத்துக்குத் திரையைப் பொருத்துகிறது. அங்கே தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து அதைக் கொடுத்தால் போதும்.